விலை குறைந்தால் மணி அடிக்கும்

லாஸ்பேட்டை, புதுச்சேரி
6 ஏப்ரல் 2025, ஞாயிறு

நெல்சன்,

அன்புள்ள என்று ஆரம்பிக்கவில்லை, கவனித்துக்கொள். நாம் பேசி எட்டு மாதம் ஆகிறது. போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் நான் கத்துவேன், மூன்றாவது நிமிடம் நீ வைத்துவிடுவாய். அதனால்தான் மெயில். இதில் யார் கத்தினாலும் காதில் விழாது.

விஷயத்துக்கு வருகிறேன். மே 25, ஞாயிறு, நம் அபிக்குப் புது நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிறாள். நீ அவளுடைய ஞானத்தகப்பன். தொட்டிலில் கிடந்தவளைத் தூக்கி ஞானஸ்நானத் தொட்டி அருகே நின்றவன் நீதான், அது உனக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறேன். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் வாட்ச் ஞானத்தகப்பன் கையால்தான் ஏற வேண்டும். எனக்கு அப்படி, உனக்கும் அப்படி. அதுவரை மணிக்கட்டு மொட்டையாகத்தான் இருக்கும், பிளாஸ்டிக் வாட்ச்கூடக் கிடையாது. அபி வகுப்பில் இவளைத் தவிர எல்லாரும் வாட்ச் கட்டுகிறார்கள். இவள் தினமும் பத்து தடவை மணி என்ன, மணி என்ன என்று வீடு முழுக்கக் கேட்டுக்கொண்டு திரிகிறாள். கேட்கும்போது அவள் அப்பாவைத்தான் பார்க்கிறாள்.

அன்று பிள்ளைக்குப் பின்னால் யார் நின்று மெழுகுவத்தி ஏற்றிக் கொடுப்பது என்று கோயில் சிஸ்டரிடம் மே 12-க்குள் பெயர் தர வேண்டும். உன் அத்தான் நேற்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “பெத்த தாயோட வருஷப் பூசைக்கே வராதவன் இதுக்கா வரப்போறான்? என் தம்பி சவரி நிக்கட்டும். அவன் காலாப்பட்டுல கூப்புட்ற தூரத்துல இருக்கான்.” சவரியும் தயார். அவர் கடையில் பாட்டுப் பாடும் வாட்ச் ஒன்றை எடுத்துத் தனியாக வைத்திருக்கிறாராம்.

  வருகிறாயா, இல்லையா? ஒரு வரியில் எழுது.

ஜூலி

சிஞ்ச்வட், புனே
8 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

வருகிறேன். நீ கேட்ட ஒரு வரி அது. மீதியை நான் என் சந்தோஷத்துக்கு எழுதுகிறேன்.

கேண்டீனில் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து மெயிலைத் திறந்தேன். உன் பெயரைப் பார்த்ததும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். மூன்று தடவை படித்தேன். நீ திட்டியிருப்பதும் நன்றாகத்தான் இருந்தது, எட்டு மாதமாக என்னைத் திட்ட ஆளே இல்லை.

அபிக்கு வாட்ச் தேர்ந்தெடுத்துவிட்டேன். இரண்டு மணி நேரத்தில் நூற்று இருபது வாட்ச் பார்த்தேன். முள் வைத்தது, நீல முகப்பு, பன்னிரண்டு எண்ணும் முழுசாகப் போட்டிருக்கும், இருட்டில் முள் மினுங்கும், தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது. பெரியவளானாலும் கட்டலாம். படம் இணைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு உனக்கே ஆசை வரும், வந்தால் நான் பொறுப்பில்லை.

விலை 7,450. கவலைப்படாதே, அதைக் கொடுத்து வாங்கப்போவதில்லை. ஒரு ஆப்பில் போட்டு வைத்திருக்கிறேன். ஐயாயிரத்துக்குக் கீழே இறங்கினால் மணி அடிக்கும்.

உன் தம்பி
நெல்சன்

லாஸ்பேட்டை
11 ஏப்ரல்

டேய்,

மறுபடியும் மணியா?

போன ஆகஸ்டில் புனேயிலிருந்து சென்னைக்கு விமான டிக்கெட் விலை இறங்கட்டும், மணி அடிக்கட்டும் என்றுதானே உட்கார்ந்திருந்தாய்? நாளைக்குக் குறையும் அக்கா, நாளன்னைக்குக் குறையும் அக்கா. கடைசியில் டிக்கெட்டே இல்லை என்று பூசைக்கு முந்தின நாள் போன் பண்ணினாய். அம்மாவின் முதல் வருஷப் பூசையில் மகன் எங்கே என்று கோயிலில் கேட்டவர்களுக்கெல்லாம் நான் பதில் சொன்னேன். விமான விலை குறையவில்லையாம், அதான் வரவில்லை என்று சொல்ல முடியுமா? உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னேன், பூசைக்கு வந்த இடத்தில்.

எதையும் முழு விலைக்கு வாங்கினால் உனக்கு உடம்பு அரிக்குமா?

வாட்ச் நன்றாக இருக்கிறது. அது வேறு விஷயம்.

ஜூலி

சிஞ்ச்வட்
13 ஏப்ரல்

அன்புள்ள அக்கா,

பூசை விஷயத்தை இப்போது விடு. கேட்டுக்கொள்கிறேன்.

வாட்ச் விஷயம் வேறு, இதில் கணக்கு இருக்கிறது. அந்த ஆப்பில் ஒரு வருஷத்து விலையைக் கோடு போட்டுக் காட்டுவான். இந்த வாட்ச் அக்டோபரில் ஒரு தடவை 4,899-க்கு வந்திருக்கிறது, ஜனவரியில் ஒரு தடவை. மே முதல் வாரம் கோடைத் தள்ளுபடி வரும். அதில் இறங்காவிட்டால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

ஒரே ஒரு சிக்கல். எனக்கு ஷிப்ட் மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை. பிரேக் டிஸ்க் சோதிக்கிற இடத்தில் போன் கூடாது, லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். போன வாரம் சரியாக நான்கு மணிக்கு விலை 4,950-க்கு இறங்கி, ஐந்தரைக்கு ஏறிவிட்டது. நான் பத்து மணிக்கு வந்து பார்த்தால் போனில் செய்தி மட்டும் கிடக்கிறது. 

அதனால் நீயும் அந்த ஆப்பைப் போட்டுக்கொள். காலையில் நான் பார்க்கிறேன், மதியத்துக்கு மேல் நீ பார். இருபத்து மூன்றிலிருந்து இருபத்தேழு வரை லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நெல்சன்

லாஸ்பேட்டை
24 ஏப்ரல்

நெல்சன்,

உன் பேச்சைக் கேட்டு ஈஸ்டருக்கு மறுநாள் அந்தச் சனியனைப் போனில் ஏற்றினேன். அன்றிலிருந்து நான் நானாக இல்லை.

முதல் மணி செவ்வாய்க்கிழமை. சாம்பார் தாளித்துக்கொண்டிருந்தேன். விலை குறைந்தது என்று வந்தது. கரண்டியோடு ஓடினேன். பதினோரு ரூபாய் குறைந்திருக்கிறது, எல்லை போடத் தெரியாமல் எவ்வளவு குறைந்தாலும் அடிக்கும்படி வைத்துவிட்டேன். கடுகு கருகிப்போய் மறுபடி தாளித்தேன்.

நேற்று நடந்ததைக் கேள். காலேஜ் ஆபீசில் அட்மிஷன் மீட்டிங். பிரின்சிபல் பேசுகிறார், நான் குறிப்பு எடுக்கிறேன். மடியில் போன் அதிர்ந்தது. எட்டிப் பார்த்தால் 649 ரூபாய். வாட்ச் அறுநூற்று நாற்பத்தொன்பது.  வயிற்று வலி என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடி, மாடிப்படியில் நின்று திறக்கிறேன். வாட்ச் இல்லை, வாட்ச் பட்டை. அதே பக்கத்தில் பட்டையைத் தனியாகவும் விற்கிறான், இந்த மூளையில்லாத ஆப் எது மலிவோ அதற்கு மணி அடிக்கிறது. திரும்பி உள்ளே போனால் பிரின்சிபல் எனக்கு மோர் வாங்கி வைத்திருக்கிறார். குடித்தேன்.

இன்னொன்று கண்டுபிடித்திருக்கிறேன். நாம் பார்க்கப் பார்க்க ஏறுகிறது. திங்கட்கிழமை நான் ஏழு தடவை திறந்தேன், சாயங்காலம் இருநூறு ஏறிவிட்டது. நமக்கு அது வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. இனிமேல் மணி அடிக்காமல் நீயும் திறக்காதே, நானும் திறக்கமாட்டேன். அத்தானிடமும் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

அபிக்குப் போன் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். பாட வீடியோ பார்க்கும்போது மேலே வாட்ச் படம் குதித்தால் எல்லாம் போச்சு. போன் ரிப்பேர் என்றேன். ரிப்பேரான போனை வைத்துக்கொண்டு நீ என்ன பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாய் என்று கேட்கிறாள்.

டிக்கெட் எடுத்தாயா? அதைப் பற்றி ஒரு வரியும் காணோம்.

அக்கா

சிஞ்ச்வட்
27 ஏப்ரல்

அன்புள்ள அக்கா,

மோர் குடித்த கதையை ரூமில் இருக்கிற எல்லாருக்கும் இந்தியில் சொன்னேன். இராமதாஸ் என்று விழுப்புரத்துப் பையன் ஒருவன் என்னோடு இருக்கிறான், அவன் மட்டும் தமிழில் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். இப்போது தினமும், “உங்க அக்கா என்ன சொன்னாங்க, இறங்கிச்சா?” என்று கேட்டுக்கொண்டுதான் பல்லே விளக்குகிறான்.

பார்த்தால் ஏறுவது உண்மையா என்று தெரியவில்லை. ஆனாலும் நான் பார்ப்பதை விட்டுவிட்டேன். எதற்கு வம்பு.

மே ஒன்றாம் தேதி தள்ளுபடி ஆரம்பம். இப்போது கவனமாகக் கேள். மணி அடித்தால் கார்டு நம்பர் தேடி, அட்ரஸ் அடித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. ஐந்து நிமிடத்தில் ஸ்டாக் காலியாகிவிடும். கார்டு, அட்ரஸ் எல்லாம் இன்றைக்கே உள்ளே போட்டு வை. மணி அடித்ததும் ஒரே அழுத்து, முடிந்தது. நீ அழுத்தின மறுநிமிடம் உன் கணக்குக்குப் பணம் வந்துவிடும். என் காசில்தான் வாங்க வேண்டும், அது முக்கியம்.

டிக்கெட் எடுப்பேன். லீவு கையெழுத்தாகட்டும்.

நெல்சன்

லாஸ்பேட்டை
4 மே, ஞாயிறு

அன்புள்ள நெல்சனுக்கு,

வாங்கிட்டேன். வாங்கிட்டேன்டா. 4,979.

எப்படி என்று கேள். பூசை முடிந்து புது நன்மைப் பிள்ளைகளின் பெற்றோருக்குக் கோயில் ஹாலில் கூட்டம். சிஸ்டர், இந்த நாட்களில் பெற்றோர்கள் வீண் ஆசைகளைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார். அப்போது மணி அடித்தது. சைலண்டில் போட மறந்துவிட்டேன், ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் போனைப் புடவைக்குள் சுருட்டிக்கொண்டு வெளியே ஓடி, சைக்கிள் நிற்கிற இடத்தில் வேப்பமரத்தடியில் நின்று திறந்தேன். அதே நீல முகப்பு, பட்டை இல்லை, வாட்சேதான். கீழே சிவப்பில், ஒன்றே ஒன்று பாக்கி என்று போட்டிருக்கிறான்.

 நல்லவேளை நீ சொன்னபடி கார்டு ஏற்றி வைத்திருந்தேன். அட்ரஸ் முன்பே இருந்தது. ஒரே அழுத்து. நன்றி என்று வந்தது. மறுபடி அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன், ஸ்டாக் இல்லை. கடைசி வாட்ச் நம்முடையது. வேப்பமரத்தடியில் நின்று நான் குதித்த குதியை வாட்ச்மேன் பார்த்துவிட்டார். என்னம்மா லாட்டரியா என்றார், ஆமாம் என்றேன்.

உன்னை எட்டு மாதமாக என்னவெல்லாம் சொல்லித் திட்டியிருக்கிறேன். இந்த விஷயத்தில் மட்டும் நீ கெட்டிக்காரன்தான், சும்மா சொல்லக்கூடாது. அத்தானிடம் காட்டினேன். விலையைப் பார்த்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினார். “வாட்ச் வருது சரி, ஆளு வருமா?” என்றார். வருவான் என்று சொல்லியிருக்கிறேன். புதன்கிழமை டெலிவரி.

அக்கா

சிஞ்ச்வட்
5 மே

என் தங்க அக்கா,

நேற்று இராமதாஸும் நானும் கட்டிலில் ஏறி ஆடினதில் ஒரு பலகை போய்விட்டது. பணம் அனுப்பிவிட்டேன், பார்த்திருப்பாய். கேண்டீனில் பத்து பேருக்கு ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன். மிச்சம் பிடித்ததில் பாதி அதிலேயே போய்விட்டது, போகட்டும்.

4,979. எனக்குக்கூட இப்படி விழுந்ததில்லை.

லீவு கையெழுத்தாகிவிட்டது. டிக்கெட் 9,300 காட்டுகிறான். போன மாதம் ஆறாயிரத்துக்கு இருந்தது. அதற்கும் மணி போட்டிருக்கிறேன், பதினைந்தாம் தேதிக்குள் கட்டாயம் குறையும். நீ வாட்ச் வந்ததும் படம் எடுத்து அனுப்பு. பட்டையில் கடைசி ஓட்டை அபி கைக்குச் சரியாக இருக்குமா என்று அவள் தூங்கும்போது நூல் வைத்து அளந்து சொல்.

நெல்சன்

லாஸ்பேட்டை
8 மே

நெல்சன்,

உட்கார்ந்துகொண்டு படி.

நேற்று புதன்கிழமை, ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்றரைக்குப் போனில், டெலிவரி ஆகிவிட்டது என்று செய்தி வந்தது. கேட்டைத் திறந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு ஈ காக்கை இல்லை. எதிர் வீட்டில் கேட்டேன், பக்கத்து வீட்டில் கேட்டேன். அப்புறம்தான் அட்ரஸைத் திறந்து பார்த்தேன். காலாப்பட்டு.

போன வருஷம் சவரி புது வீடு பால் காய்ச்சினபோது மிக்ஸி ஒன்றை இதே கடையில் வாங்கி நேராக அவர் வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். அந்த அட்ரஸ்தான் முதலில் நிற்கிறது. நீ ஒரே அழுத்து, ஒரே அழுத்து என்று உயிரை எடுத்தாயே, நான் எங்கே பார்த்தேன்.

சரி, போன் பண்ணி எடுத்து வைக்கச் சொல்லலாம் என்று போனை எடுக்கிறேன், சவரி பெண்டாட்டி முந்திக்கொண்டாள். அழுதுகொண்டே பேசுகிறாள். நேற்று அவர்கள் மகள் ஸ்டெல்லாவுக்குப் பிறந்தநாள். எட்டு முடிந்து ஒன்பது. எனக்குச் சுத்தமாக மறந்துவிட்டது. “அக்கா, யாருக்குமே ஞாபகம் இல்லக்கா. அவ காலைல இருந்து மொகத்தத் தூக்கி வெச்சினு இருந்தா. ஒங்க பேர்ல பார்சல் வந்துச்சு பாருங்க, பொண்ணு மொகத்தப் பாக்கணும் நீங்க. பெரியம்மா அனுப்பினாங்க, பெரியம்மா அனுப்பினாங்கனு தெரு பூரா காட்டிட்டு வந்துட்டா.”

அப்புறம் படம் வந்தது. நம் வாட்ச். ஸ்டெல்லா கையில். பிள்ளை பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறது. சந்தோஷம்மா, நல்லா இரு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நான் வேறு என்ன சொல்வது?

அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்கிறேன்.

டிக்கெட்டுக்கும் மணி போட்டிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தை இந்தக் கூத்தில் மறந்துவிட்டேன். இப்போது ஞாபகம் வந்துவிட்டது. உனக்கு வெட்கமாக இல்லையா?

ஜூலி

சிஞ்ச்வட்
9 மே

அக்கா,

முதலில் சிரித்தேன், மன்னித்துக்கொள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

பிள்ளை கையில் ஏறினதைத் திருப்பிக் கேட்கக் கூடாது, அதை நீ நினைக்கவும் வேண்டாம். அது ஸ்டெல்லாவுக்கு. இனி அபிக்கு வேறு வாட்ச் வேண்டும். பார்த்தேன். வேறு ஒருவனிடம் ஸ்டாக் இருக்கிறது, 7,990. டிக்கெட் 10,100 ஆகிவிட்டது.

நேற்றிலிருந்து யோசித்தேன். அத்தான் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சவரி பக்கத்தில் இருப்பவர், பிள்ளைக்கு ஒன்றென்றால் ஓடி வருபவர். நான் வருஷத்துக்கு ஒரு தடவை படத்தில் பார்க்கிற மாமா. கையில் வாட்சும் இல்லாமல், ஊரார் முன்னால் போய்ப் பின்னால் நின்றால் நன்றாகவா இருக்கும். அம்மா பூசைக்கு வராதவன் இப்போது மெழுகுவத்தி ஏற்ற வந்துவிட்டான் என்று நாலு பேர் பேசுவார்கள். பன்னிரண்டாம் தேதி சவரி பெயரையே கொடுத்துவிடு. நான் பின்னால் ஒருநாள் நிதானமாக வந்து பார்க்கிறேன்.

கோபப்படாதே.

நெல்சன்

லாஸ்பேட்டை
11 மே, ஞாயிறு

நெல்சன்,

கோபப்படாமல் இருக்க நான் என்ன மாதா சுரூபமா?

பின்னால் ஒருநாள் நிதானமாக வருகிறாயாம். புது நன்மை பின்னால் ஒருநாள் வராது. அபி உன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மெழுகுவத்தி பிடிக்கும்போது மாமா உயரமா இருப்பாரா, அப்பாவை விடவா என்று கேட்கிறாள். அந்தக் கடிதத்தை நான் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

இன்று நடந்ததைக் கேள். பூசை முடிந்து வந்தால் சவரி, பெண்டாட்டி, ஸ்டெல்லா மூன்று பேரும் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். கையில் பெரிய கேக்கு டப்பா, மீன். ஸ்டெல்லா என்னைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. அபி அந்த வாட்சையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது, ஆனால் நல்லா இருக்குடி என்றுதான் சொன்னாள். 

உன் அத்தானுக்கு உண்மை தெரியும், முந்தாநாளே சொல்லிவிட்டேன். எங்கே உளறிவிடுவாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சவரி டீயைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “அண்ணி, எங்க வீட்ல நாங்களே மறந்துட்டோம். நீங்க எம் பொண்ண மறக்கல. நான் போயி உங்க தம்பி எடத்துல நின்னா நல்லாவா இருக்கும்? நெல்சன் பேரையே எழுதிடுங்க.” அத்தான் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். அப்புறம், சரி, எழுது என்றார்.

ஆகவே சிஸ்டரிடம் உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். பேனாவால் எழுதி, கீழே கோடும் போட்டுவிட்டேன். அபி முதல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிற அன்று நானும் அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்று இந்தப் பாவத்தைச் சொல்லத்தான் வேண்டும். எல்லாரும் என்னைப் புகழப் புகழ வாயை மூடிக்கொண்டு மீனை வாங்கி வைத்தேனே.

இப்போது ஒன்று சொல்கிறேன். அவசரப்பட்டு 7,990-க்கு வாங்கிவிடாதே. ஆப்பில் அந்த விலைக் கோட்டை உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு மாதமும் இருபதாம் தேதி சுமாருக்கு ஒரு இறக்கம் இருக்கிறது. இருபது வரை பொறுத்தால் ஆறாயிரத்துக்குள் வரும், எனக்குத் தோன்றுகிறது. நான் மணி போட்டு வைத்திருக்கிறேன். அட்ரஸையும் திருத்திவிட்டேன்.

அக்கா

சிஞ்ச்வட்
13 மே

அன்புள்ள அக்கா,

நீ எழுதினதைப் படித்துவிட்டு இராமதாஸிடம் போனைக் கொடுத்தேன். “இன்னாண்ணா, ஒங்களுக்கு இருந்தது அவங்களுக்கு ஒட்டிக்கிச்சு” என்றான்.

வாங்கிவிட்டேன். 8,150. நேற்றைக்கு அதுவும் ஏறியிருந்தது. டிக்கெட்டும் எடுத்துவிட்டேன், போக வர. அதன் விலையை எழுதினால் நீ மயங்கி விழுவாய். இரண்டுக்கும் சேர்த்து ஆறு நிமிடம் ஆயிற்று. அழுத்துவதற்கு முன்னால் விலையை இரண்டு தடவை பார்த்தேன், பொய் சொல்ல விரும்பவில்லை. அழுத்தின பிறகு ஒன்றுமே ஆகவில்லை. பசித்தது. போய் நான்கு முட்டை பரோட்டா தின்றேன்.

ஆப்பை அழித்துவிட்டேன். நீயும் அழி. மணி அடித்தால் நீ தாங்கமாட்டாய்.

இருபத்துமூன்றாம் தேதி காலை பத்தரைக்கு சென்னையில் இறங்குகிறேன். ஈ.சி.ஆர். பஸ் பிடித்து மூன்று மணிக்குள் வந்துவிடுவேன். வாட்ச் என் அட்ரஸுக்கு வருகிறது, என் கையாலேயே கொண்டுவருகிறேன். அத்தானிடம் சொல், ஆளும் வருது, வாட்சும் வருது என்று.

நெல்சன்

சிஞ்ச்வட்
28 மே

அன்புள்ள அக்கா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை இராமதாஸ் பாதி தின்றுவிட்டான். அபி அனுப்பிய படங்களைக் கம்பெனி முழுக்கக் காட்டியாயிற்று. தலையில் வெள்ளை முட்டாக்குப் போட்டுக்கொண்டு, இடது கையை மட்டும் எல்லாப் படத்திலும் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறாள். பாதிரியார் அவளிடம் மணி கேட்டதும், “பத்து இருபத்தேழு ஃபாதர், நொடி சொல்லணுமா?” என்றாளே, அதை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன்.

இப்போது நான் எழுதப்போவதை நேரில் சொல்ல வாய் வரவில்லை. அத்தனை நாள் உன் வீட்டில் சுற்றிச் சுற்றி வந்தேன், சொல்லவில்லை.

பூசையில் நாம் உட்கார்ந்திருந்தபோது, போன வருஷம் நம் அம்மாவுக்கு நடந்த பூசையைப் பற்றி அபி என் காதில் ஒன்று சொன்னாள். “மாமா, ஆயா பூசை அன்னைக்கு அம்மா ஒங்களுக்கு எடம் புடிச்சி வெச்சிருந்தாங்க. பக்கத்துல பையை வெச்சிக்கினு யாரையும் ஒக்கார விடல. பூசை முடியற வரைக்கும் எடுக்கவேயில்ல.”

அக்கா, போன ஆகஸ்டில் டிக்கெட் விலை குறைந்தது. பூசைக்கு மூன்று நாள் முன்னால், ஒன்பதாம் தேதி சாயங்காலம். மணி அடித்தது. எனக்கு ஷிப்ட் இல்லை, போன் கையில்தான் இருந்தது. நான் போட்டு வைத்திருந்த விலையை விட நானூறு ரூபாய் குறைவு. பார்த்துக்கொண்டே இருந்தேன். அழுத்தவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அது ஏறிவிட்டது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. விலைதான் காரணம் என்று உன்னிடம் சொல்ல ஒரு சாக்கு கிடைத்துவிட்டது.

பயமாக இருந்தது. உன் வீட்டுக் கேட்டைத் திறந்தால் அம்மா உள்ளேயிருந்து யாரு, நெல்சனா என்று கேட்கும். அந்தக் குரல் வராத வீட்டுக்குள் எப்படிக் கால் வைப்பது என்று தெரியவில்லை. இந்தத் தடவை வந்தபோதும் தெருமுனையில் ஐந்து நிமிடம் நின்றேன். அப்புறம் அபி பார்த்துவிட்டு ஓடி வந்து பையைப் பிடுங்கிக்கொண்டாள், நான் அவள் பின்னாலேயே உள்ளே வந்துவிட்டேன்.

நீ அந்த இடத்தைப் பிடித்து வைத்திருந்தாய். நான் விலையைச் சொல்லி உன்னை ஏமாற்றினேன். தப்புதான் அக்கா. என்னை மன்னித்துவிடு.

நெல்சன்

லாஸ்பேட்டை
29 மே

அன்புள்ள தம்பிக்கு,

படித்தேன். ஆபீசில் வைத்துப் படித்திருக்கக் கூடாது. பிரின்சிபல் மறுபடி மோர் வாங்கிக் கொடுத்தார்.

உனக்கு ஒன்று தெரியாது. அந்தப் பூசையில் நான் அழவில்லை. முழுப் பூசையும் உன்மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன், அதனால் அழ வரவில்லை. அதற்கப்புறமும் எட்டு மாதம் உன்னைத் திட்டித் திட்டியே ஓட்டிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ அபி கையைப் பிடித்துப் பட்டையை மாட்டினாய் பார், கடைசி ஓட்டையிலும் நிற்காமல் லூசாக ஆடியது, நீ இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டே போட்டோவுக்கு நின்றாய். அப்போதுதான் எனக்கு வந்தது. பின்வரிசைக்குப் போய் நன்றாக அழுதேன். பிள்ளை புது நன்மை வாங்குவதற்கு அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அம்மா போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது, அன்றுதான் அழுதேன். இப்போது லேசாக இருக்கிறது.

உன்மேல் கோபம் இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை.

ஆகஸ்ட் 12 செவ்வாய்க்கிழமை, அம்மாவின் இரண்டாம் வருஷப் பூசை, காலை ஆறு மணிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ டிக்கெட் பார்க்க வேண்டாம், நானே எடுத்துவிட்டேன். பதினோராம் தேதி காலை விமானம், இணைத்திருக்கிறேன். விலை என்ன என்று கேட்காதே, நான் பார்க்கவில்லை.

உன் அக்கா
ஜூலி